‘அட!’ அத்தான்

‘அட!’ என்று ஒரு சத்தம் கேட்டால் வேலை முடிந்துவிட்டது என்று தெரிந்துகொள்ளலாம். நல்லபடியாக முடிந்தது என்று அர்த்தமில்லை. ஒரு மணி நேரத்தில் ஆகவேண்டியது பொழுது சாயும்வரை இழுத்து, சுவரில் வேண்டாத ஓட்டைகள் விழுந்து, ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தவனுக்குத் தோள்பட்டை இறங்கிப்போய், ஒருவழியாக முடிந்திருக்கிறது. அதைச் சுலபமாகச் செய்யும் வழி இவருக்கு அந்தக் கணத்தில்தான் தோன்றியிருக்கிறது. அதற்குத்தான் அந்த ‘அட!’.

இவர் இல்லாத தெரு கிடையாது. பெரும்பாலும் ஓய்வு பெற்றவர். கையில் திருப்புளி, காதில் பென்சில். யாருக்காவது அண்ணனாக, சித்தப்பாவாக, மாடிவீட்டு சாராக இருப்பார். வசதிக்காக இங்கே அத்தான் என்று வைத்துக்கொள்கிறேன். குறிப்பாக யாரையும் மனத்தில் வைத்து எழுதவில்லை. என் அக்கா இதைப் படித்தால் ஒரு வரிகூட நம்ப மாட்டாள் என்பது வேறு விஷயம்.

புது சோபா வாசல்படியில் நுழையாது. நேராக, பக்கவாட்டில், தலைகீழாக, அப்புறம் மறுபடியும் நேராக வைத்துப் பார்ப்பார். நிலைக்கதவில் மரம் பெயரும், தூக்கிப் பிடித்தவனின் விரலில் நகம் பெயரும். எல்லாம் தாண்டிச் சோபா கூடத்துக்கு வந்து, நாம் அதிலேயே விழுந்து மூச்சு வாங்கும்போது, கீழே குனிந்து எதையோ திருகிப் பார்ப்பார். “அட! கால் கழண்டு வருதே மாப்ளே!” ஊறுகாய்ப் பாட்டில் மூடிக்குக் கத்தி, துணி, கதவிடுக்கு, அம்மிக்குழவி எல்லாம் ஆன பிறகுதான் வெந்நீர். படுக்கை விரிப்பைத் துவைத்துக் காயவைத்து விரித்த பிறகுதான் மின்விசிறி துடைப்பது. ரெக்கையில் பழைய தலையணை உறையை மாட்டி இழுத்தால் தூசியெல்லாம் உள்ளேயே விழுந்துவிடும் என்று தோன்றுவது, தூசியெல்லாம் விரிப்பில் விழுந்த பிறகு.

இதெல்லாம் சில்லறை. அத்தானை முழுசாகப் பார்க்கவேண்டும் என்றால் அவர் வயர் கூடை பின்னும்போது பார்க்கவேண்டும்.

ஓய்வு பெற்ற பிறகு இந்தப் பழக்கம் வந்தது. எதிர்வீட்டு டீச்சரம்மாவிடம் கற்றுக்கொண்டார். சாதா முடிச்சில் ஆரம்பித்து, பிஸ்கட் முடிச்சு, நெல்லிக்காய் முடிச்சு, சிவன் கண் என்று ஏறுவரிசையில் போவது இந்தக் கலையின் முறை. அத்தான் முதல் நாளே சிவன் கண் என்றார். டீச்சரம்மா சிரித்துக்கொண்டே சாதா முடிச்சைச் சொல்லிக்கொடுத்தார்.

கூடை பின்னியவர்களுக்குத் தெரியும். கட்டுக் கட்டாக வயர் வாங்கி, அளந்து முழம் முழமாக வெட்டி, ஒவ்வொன்றையும் இரண்டாக மடித்து முடிச்சுப் போட்டு அடிப்பாகத்தை முதலில் பின்னவேண்டும். அடி முடிந்தால் நாலு பக்கமும் நீள நீளமாக வால்கள் கிடக்கும். அதற்கு மேல் போடும் ஒவ்வொரு முடிச்சுக்கும் ஒரு முழு வாலை உருவி இழுக்கவேண்டும். அது போகிற வழியில் பக்கத்து வால் நாலைந்தைச் சேர்த்துச் சுற்றிக்கொண்டு போகும். ஒரு முடிச்சுப் போட ஒரு நிமிஷம், சிக்கெடுக்கப் பத்து நிமிஷம்.

சிக்கெடுக்கத்தான் மச்சான்காரன் இருக்கிறானே. “மாப்ளே, ஞாயித்துக்கிழமை சும்மாதானே இருக்க? வா, பத்து நிமிஷ வேலை.” அத்தானின் பத்து நிமிஷத்தை அறியாத உறவினர் எங்கள் குடும்பத்தில் இல்லை. போனேன். கூடம் முழுக்கப் பச்சையும் மஞ்சளுமாக வயர். நடுவில் அத்தான். வால்கள் கலக்காமல் இருக்க, பச்சையை வலது கையிலும் மஞ்சளை இடது கையிலும் நான் பிடித்துக்கொள்ளவேண்டும். அவர் “மூணாவது பச்சை” என்றால் விடவேண்டும். தேர் வடம் பிடித்தவன்போலக் கால் அகட்டி நின்றேன். தேராவது நிலைக்கு வந்து சேரும்.

மூக்கு அரித்தால் சொறிய முடியாது. போன் அடித்தால் எடுக்க முடியாது. காபி வந்தது, ஆறியது, திரும்பப் போனது. வாலை நான் தப்பாக விட்டுவிட்டதாக அத்தான் சொல்வார். அவர் தப்பாகக் கேட்டதாக நான் சொல்வேன். புது வயரின் பிளாஸ்டிக் வாடை தலைக்கேறிவிட்டது.

அக்கா அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தாள். “ஒவ்வொண்ணையும் சுருட்டி ஒரு ரப்பர் பேண்டு போட்டுட்டா சிக்காதுல்லா?” என்றாள்.

அத்தான், “ம்” என்றார்.

அந்த ‘ம்’முக்குச் சம்மதம் என்றும் பொருள் கிடையாது, மறுப்பு என்றும் கிடையாது. சுவரில் பல்லி சத்தம் போட்டாலும் அதே ‘ம்’தான். அக்கா உள்ளே போய்விட்டாள். அடுக்களைத் தாழ்ப்பாளில் ரப்பர் பேண்டுகள் கொத்தாகத் தொங்கிக்கொண்டிருந்தன. பார்சல் சாம்பாரில் வந்தவை, மருந்துக்கடையில் வந்தவை. எல்லா வீட்டிலும் அப்படித் தொங்குமே, அப்படி. நான் நின்ற இடத்திலிருந்து அது நன்றாகத் தெரிந்தது. என் இரண்டு கையும்தான் வேலையாக இருந்ததே.

விளக்கு வைக்கும் நேரமாயிற்று. கூடை விளிம்புக்கு வந்துவிட்டது. வால்களெல்லாம் ஒரு சாண் அளவுக்குக் குறுகி, இனிமேல் சிக்கினால்தான் அதிசயம் என்ற நிலை. அப்போது வந்தது.

“அட!”

நான் பேசவில்லை.

“மாப்ளே, இப்பத்தான் தோணுது பாத்துக்க. ஒவ்வொரு வயரையும் சுருட்டி, ஒரு ரப்பர் பேண்டு போட்டு வச்சிருந்தோம்னா சிக்கே விழுந்திருக்காது! என்ன சொல்ற?”

என்ன சொல்வது? அடுக்களையில் ஒரு பாத்திரம் கொஞ்சம் ஓங்கி வைக்கப்பட்ட சத்தம் கேட்டது. அவ்வளவுதான்.

அத்தானுக்கு இதில் துளி வெட்கம் கிடையாது. அதைத்தான் நம்மால் தாங்க முடியாது. ஒரு ஞாயிற்றுக்கிழமையைத் தின்றுவிட்ட முட்டாள்தனம் வெளிப்பட்ட நேரத்தில் நாமாக இருந்தால் தலையைத் தொங்கப்போடுவோம். இவருக்கு முகம் மலரும். எதிர்வீட்டுக்கு ஓடிப்போய் டீச்சரம்மாவுக்கே ரப்பர் பேண்டின் மகிமையைச் சொல்லிவிட்டு வருவார். இரவு சம்பந்தி வீட்டிலிருந்து போன் வந்தால் அவர்களுக்கும் சொல்வார். “நாள் பூரா ரெண்டு பேரும் மல்லாடினோம். கடைசில பாத்தா, ஒரு ரப்பர் பேண்டு!” இதில் ‘ரெண்டு பேரும்’ என்பதைக் கவனிக்கவேண்டும். பழியில் பாதி எனக்கு. கண்டுபிடிப்பு முழுக்க அவருக்கு.

ஒன்று மட்டும் ஒத்துக்கொள்ளவேண்டும். செய்த தப்பை மறுபடி செய்யமாட்டார். அடுத்த கூடைக்கு ஒவ்வொரு வாலும் சுருட்டி ரப்பர் பேண்டு போட்டு, அணிவகுப்பில் நிற்கிற மாதிரி இருந்தது. என்னைக் கூப்பிடவே இல்லை. கைப்பிடி போடும்போதுதான் கூப்பிட்டார். கைப்பிடி வயரை விளிம்பில் ஒரு பக்கம் கோத்து, நடுவில் டியூபை நுழைத்து, அதன் பிறகு மறுபக்கம் கோக்கவேண்டும். அத்தான் இரண்டு பக்கமும் கோத்து, இழுத்து முடிந்து, நுனியையும் உள்ளே சொருகிவிட்டு, டியூபைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். “முதல்ல டியூபைக் கோத்துருங்க சார்” என்று டீச்சரம்மா சொல்லியிருந்தார். அதற்கும் ஒரு ‘ம்’ போட்டிருப்பார். கடைசியில் டியூபைப் பிளேடால் நீளவாக்கில் கீறி, வயர் மேல் மாட்டி, இன்சுலேஷன் டேப் சுற்றினோம். ‘அட!’ டேப் தீர்ந்த பிறகு வந்தது.

யாராவது கேலி செய்தால் அத்தானிடம் சரித்திரம் தயாராக இருக்கிறது. எங்கோ படித்து வைத்திருக்கிறார். உணவைத் தகர டப்பாவில் அடைத்துக் காப்பதற்கு இங்கிலாந்தில் பீட்டர் டுராண்ட் காப்புரிமை வாங்கியது 1810இல். அதைத் திறக்கும் கருவிக்கு அமெரிக்காவில் எஸ்ரா வார்னர் காப்புரிமை வாங்கியது 1858இல். அங்கே அதுதான் முதல். “நடுவுல நாப்பத்தெட்டு வருஷம் உளியும் சுத்தியலுமா உடைச்சுத் தின்னுருக்கான். என்னைச் சொல்ல வந்துட்டீங்க!” என்பார். அதோடு விடமாட்டார். மனிதன் நிலாவில் கால் வைத்தது 1969இல். பெட்டிக்குச் சக்கரம் வைத்து பெர்னார்ட் சாடோ என்ற அமெரிக்கர் காப்புரிமை பெற்றது 1972இல். குடும்பத்தோடு விடுமுறைக்குப் போய்த் திரும்பும்போது இரண்டு கனத்த பெட்டிகளைச் சுமந்துகொண்டு விமான நிலையத்தில் நின்றவர், ஒரு தொழிலாளி ஏதோ இயந்திரத்தைச் சக்கரப் பலகையில் அலட்சியமாக உருட்டிப் போவதைப் பார்த்திருக்கிறார். அங்கே வந்திருக்கிறது ஒரு ‘அட!’. அதிலும் பாதிதான் வந்தது. அவருடைய பெட்டியை நாய்க்குட்டியைப் போல வாரில் கட்டி இழுக்கவேண்டும். நிமிர்த்தி, நீளக் கைப்பிடி வைத்து இழுக்கலாம் என்று ராபர்ட் பிளாத் என்ற விமானிக்குத் தோன்ற 1987 ஆயிற்று.

“மனுஷ குலமே அப்படித்தான் மாப்ளே” என்று முடிப்பார். நானும் கொஞ்ச காலம் இதை ஒத்துக்கொண்டுதான் இருந்தேன். சொல்லும்போது அத்தான் முகத்தைப் பார்த்தால் மறுத்துப் பேச மனம் வராது. ஒரு பகல் வீணாகப் போனதற்கு யார்மேலும் எரிந்து விழாத மனிதரை நான் அதிகம் பார்த்ததில்லை. திருப்புளியை விட்டெறிந்து வீட்டில் எல்லோரையும் திட்டித் தீர்க்கிற ஆண்களோடு ஒப்பிட்டால் இவர் தெய்வம்.

ஆனால் பெட்டிக் கதையில் அத்தான் சொல்லாமல் விடும் பகுதி ஒன்று இருக்கிறது. சாடோ தன் சக்கரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நியூயார்க்கின் பெரிய கடைகளுக்கெல்லாம் போனார். ஒவ்வொருவராகக் கைவிரித்தார்கள். பெட்டியைக் கையில் தூக்குகிறவன்தான் ஆம்பளை, மனைவியின் பெட்டியையும் சேர்த்துத் தூக்குவான், உருட்டிக்கொண்டா போவான் என்பது அந்தக் காலத்து நினைப்பு. பிற்காலத்தில் சாடோவே இதைச் சொல்லியிருக்கிறார். ஆகவே வழி யாருக்கும் தோன்றாமல் இல்லை. தோன்றிய பிறகும் காதில் ஏறவில்லை.

இதைப் படித்த நாளிலிருந்து எனக்கு அந்த ‘அட!’ வேடிக்கையாக இல்லை. அத்தானின் கண்டுபிடிப்புகளை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். சோபாவின் கால் கழலுமா என்று முதலில் கேட்டது யார்? “காலை முதல்ல கழட்டுங்களேன்” என்று வாசலில் நின்று சொன்னது அக்கா. மூடிக்கு வெந்நீர், அக்கா. மின்விசிறிக்குத் தலையணை உறை, அக்கா. ரப்பர் பேண்டு, அக்கா. டியூப், டீச்சரம்மா. எல்லாமே காலையிலேயே சொல்லப்பட்டவை. சாயங்காலம் அத்தானுக்குத் தோன்றியவை. காதுக்கும் மூளைக்கும் இடையில் இவ்வளவு தூரம் எப்படி வந்தது? ஆபீஸில் மேலாளர் சொல்லியிருந்தால் ‘ம்’ போட்டிருப்பாரா? நான் சொல்லியிருந்தால்கூடக் கை நின்றிருக்கும். அடுக்களையிலிருந்து வந்த சொல் என்பதால் அது ஊறி, காய்ந்து, அவருடைய சொந்த யோசனையாக மாறி வெளியே வர ஒரு பகல் தேவைப்படுகிறது. முப்பது வருஷத்துக்கு மேலாக அக்கா இதைப் பொறுத்துக்கொண்டிருக்கிறாள். இதை நகைச்சுவை என்று நாங்கள் குடும்பத்தோடு சிரித்துக்கொண்டிருந்தோம்.

அடுத்தது நவராத்திரி. கொலுப் படி மாட்ட அத்தான் இப்போதே சொல்லி வைத்திருக்கிறார். இரும்பு ஆங்கிளும் நட்டும் போல்ட்டுமாக ஒன்பது படி. போன தடவை பீரோவுக்கு முன்னால் மாட்டி, பொம்மையெல்லாம் அடுக்கி, கலசமும் வைத்துவிட்டோம். அத்தானின் வேட்டிகள் எல்லாம் உள்ளே. பத்து நாளும் என் வேட்டியைக் கட்டிக்கொண்டு சுண்டல் விநியோகித்தார். இந்த வருஷம் போனதும் நேரே அடுக்களைக்குப் போகப்போகிறேன். அக்கா சொல்வதை வரிசையாகக் கேட்டு வந்து, கூடத்தில் உரக்கச் சொல்லி, “அக்கா சொன்னா” என்றும் சேர்த்துச் சொல்வதாக இருக்கிறேன். அத்தான் ‘ம்’ என்றால் ஆங்கிளைக் கீழே வைத்துவிட்டுக் கிளம்பிவிடுவேன்.

வயர் கூடை வேண்டுபவர்கள் சொல்லி அனுப்புங்கள். வீட்டில் நிறைய இருக்கிறது, காசு வேண்டாம். தேங்காய், பூசணி, மாசச் சாமான் என்று எதைப் போட்டாலும் அறாது. கைப்பிடியில் இருக்கும் இன்சுலேஷன் டேப்பை மட்டும் என்னவென்று கேட்காதீர்கள். அத்தான் விளக்க ஆரம்பித்தால் நீங்கள் சாப்பாட்டுக்கு வீடு போய்ச் சேரமாட்டீர்கள்.