தூங்கினவன் கன்னு

ஏலே பேராண்டி, மொட்டை மாடியில வேட்டியைக் கட்டி கௌபாய் படம் காட்டப் போறியாமுல்லா. வேட்டி என்னோடது. கேட்டியா? கேக்கலை. படம் யாரோடதுன்னாவது கேட்டியா?

"அது யாருக்கும் சொந்தமில்லை தாத்தா"ங்கிறே. கல்கத்தா பெஹாலாவுல நின்னுக்கிட்டு இப்படிப் பேசலாமாலே? 1698ல மூணு ஊரைக் கும்பெனிக்காரனுக்கு 1,300 ரூபாய்க்கு எழுதிக் கொடுத்ததா சொல்ற ஆட்சாலா மண்டபம் இங்கே பரிஷாவுலதானே நிக்குது. ஒரு காயிதம் போதும், சொந்தம் கை மாற.

காயிதம் போடாமலும் மாறும். ஜான் வெய்ன் ஒரு ஊரையே சேத்துப் பள்ளத்துல உருட்டிவிட்ட 'மக்லின்டாக்' 1963ல வந்தது. அப்போ அமெரிக்கச் சட்டப்படி 28ஆம் வருஷம் உரிமையைப் புதுப்பிக்கணும். அவ்வளவு வீரம் காட்டினவங்க ஒரு மனு போட மறந்துட்டாங்க. தூங்கினவன் கன்னு கடாக்கன்னு! அதே வருஷம் வந்த 'ஷரேட்' இன்னும் மோசம். எழுத்து ஓடுறப்போ 'காப்பிரைட்'ங்கற ஒத்தைச் சொல்லை விட்டுட்டாங்க. பிறந்த அன்னைக்கே பொதுச்சொத்து.

நம்ம நாட்டுல நீ எவ்வளவு தூங்கினாலும் கன்னு மாறாது. படம் வந்த மறுவருஷத்துலேருந்து 60 வருஷம். முன்னே 50தான். தாகூர் போனது 1941. 1991 முடிஞ்சா அவர் எழுத்து விஸ்வபாரதி கையை விட்டுப் போயிடும்னு வங்காளம் பதறிச்சு. டில்லி பத்து வருஷம் நீட்டிச்சது. அந்தத் தாடிக்குள்ளே சினிமாப் பெட்டியும் நைசா புகுந்துக்கிச்சு, அதுக்கும் பத்து!

அதனாலதான் 1955ல வந்த 'பதேர் பாஞ்சாலி'க்கு 2016 ஜனவரி 1 வரைக்கும் காத்திருந்தோம். 1966ல வந்த 'நாயக்' 2027ல அவிழும். அப்பவும் திரைக்கதையில கை வைக்காதே. அது சத்யஜித் ராயோடதுன்னு டில்லி ஐகோர்ட் 2023ல சொல்லிடுச்சு. அவர் போனது 1992, கணக்கு 2052 முடிய ஓடும். எனக்கு ஆகாது, நீ காத்திரு.

சரி, உன் கௌபாய் படத்து மூலையில என்னலே அது, உன் பேரா? கீழே 'உரிமை பதிவு செய்யப்பட்டது' வேற! ஊர்க் கிணத்துல தண்ணி மொண்டா குடத்துல பேரு வெட்டிக்கோ, வேண்டாங்கலை. கிணத்துல வெட்டுவியோ?

முதல்ல அதை அழி. பிறகு சௌரஸ்தா போய் ஜால்முடி வாங்கிட்டு வா, எனக்குக் கடுகெண்ணெய் கம்மியா. தின்ன கையை வேட்டியில துடைச்சிராதே. நாளைக்கு ஊருக்குக் கட்டிட்டுப் போக எனக்கு அது ஒண்ணுதான் இருக்கு.