‘இதிலென்ன இருக்கு’ கேப்டன்

ஊரே வாயைப் பிளக்கும் விமானப் படம் ஒன்றை இவரிடம் காட்டிப் பாருங்கள். போனைக் கையில்கூட வாங்க மாட்டார். கழுத்தை மட்டும் நீட்டி எட்டிப் பார்த்துவிட்டு, “இதிலென்ன இருக்கு?” என்பார். தோளில் நாலு பட்டை, காதோரம் நரை, கக்கத்தில் தொப்பி. எல்லா விமானக் கம்பெனியிலும் இவருக்கு ஒரு பதிப்பு உண்டு.

பாவம், அவரையும் குற்றம் சொல்ல முடியாது. காக்பிட்டில் பேசுவதெல்லாம் பதிவாகிறது. பத்தாயிரம் அடிக்குக் கீழே வேலைப் பேச்சைத் தவிர வேறு பேச்சே கூடாது என்பது விதி. அடக்கி வைத்ததெல்லாம் ஹோட்டலுக்குப் போகும் வேனில்தான் அணை உடைக்கும். போனில் வந்து குவிந்திருக்கும் படங்கள் அதற்குத் தீனி.

“சார், எங்க மாமா அனுப்பியிருக்காரு. பிளாஸ்திரி போட்ட பிளேன்ல ஏறலாமான்னு கேக்கறாரு” என்று ஆரம்பிப்பார் கோ-பைலட். இறக்கையில் அங்கங்கே வெள்ளி நிறத்தில் ஒட்டு.

“அது அலுமினிய டேப்புப்பா. போயிங் 787 றெக்கையில வெயில் பட்டுப் பெயின்ட் உரியும், அதுக்கு மேல ஒட்டறது. உங்க மாமா கார் பம்பரைவிட கெட்டியா நிக்கும்னு சொல்லு.”

மாமாவின் பம்பரை எங்கே பார்த்தார் என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

அடுத்த படம், ஐந்து என்ஜின் வைத்த 747. 2016இல் ஜோகன்னஸ்பர்க்கில் என்ஜின் கெட்டு நின்ற தன் விமானத்துக்கு, இன்னொரு 747இன் இடது இறக்கையில் மாற்று என்ஜினைத் தொங்கவிட்டு, பயணிகளையும் ஏற்றிக்கொண்டு சிட்னியிலிருந்து பறந்தது குவான்டாஸ். லாரிக்காரன் ஸ்டெப்னி கொண்டுபோகிற மாதிரிதான். அந்த ஐந்தாவது ஓடாது. சும்மா தொங்கிக்கொண்டு வரும்.

“வேலை செய்யாம கூடவே வர்றவன் எல்லா ஃபிளைட்லயும் உண்டு” என்று கோ-பைலட்டைப் பார்ப்பார் கேப்டன். கேப்டன் ஜோக் அடித்தால் சிரிக்க வேண்டியது எழுதாத விதி. கோ-பைலட் சிரித்து முடித்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பி, “அதாவது பேசாம வந்துச்சு” என்பார். அன்றைக்குக் கேப்டனுக்குக் காது கேட்காமல் போகும்.

ஹாங்காங் கை டாக் படம் வந்தால் மட்டும் ஜாக்கிரதை. அடுக்குமாடிகளுக்கு நடுவே, கொடியில் காயும் துணியை உரசுகிற மாதிரி ஒரு ஜம்போ. “டெலிபோட்டோ லென்ஸ், பக்கத்துல காட்டும்” என்று முதலில் தள்ளிவிடுவார். ஆனால் மலையில் வரைந்த சிவப்பு-வெள்ளைச் சதுரங்கக் கட்டத்தைப் பார்த்ததும் கடைசி நேரத்தில் வலப்பக்கம் திரும்பி இறங்குவதை விவரிக்க ஆரம்பித்தால், ஹோட்டல் வாசலில் வேன் நின்ற பிறகும் யாரும் இறங்க முடியாது. அந்த நிலையத்தை 1998இல் மூடிவிட்டார்கள். அவர் சொல்வதை இளையவர்கள் யாரும் இனிமேல் சரிபார்க்க முடியாது என்பதில்தான் அந்தக் கதையின் பலமே இருக்கிறது.

அவரே போனைப் பிடுங்கிப் பார்த்துச் சிரித்தது ஒரே ஒரு படத்துக்குத்தான். விண்வெளி ஓடத்தை முதுகில் சுமந்த நாசாவின் 747. அதன் முதுகில், ஓடத்தைப் பொருத்தும் இடத்தில், கறுப்புப் பக்கம் கீழே வரவேண்டும் என்று ஒரு குறிப்பு எழுதி வைத்திருந்தார்கள். “என்ஜினியருங்க குசும்பு” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

இவ்வளவையும் சாதாரணம் என்று ஒதுக்குகிற மனுஷனுக்கு எதில் கோபம் வரும் தெரியுமா? பேப்பரில் ஏர்பஸ் என்று எழுதிப் போயிங் படத்தைப் போட்டால் வரும். சினிமாவில் ரெண்டு என்ஜினோடு கிளம்பிய விமானம் நாலு என்ஜினோடு இறங்கினால் வரும். கதாநாயகி பிரிந்து போகிறாள், தியேட்டரே மூக்கை உறிஞ்சுகிறது, இவர் மட்டும், “இன்னும் கியரை உள்ள இழுக்கலையே!” என்று எழுந்து நிற்பார். வீட்டு அம்மாள் இப்போதெல்லாம் ரெண்டு வரிசை தள்ளி டிக்கெட் எடுக்கிறார் என்று கேள்வி.

வேனில் எல்லோரும் ஒரு நொடி தயங்குவது ஒரே வகைப் படத்துக்கு: ஏர்போர்ட் மாறி இறங்கிய விமானம். 1972இல் பம்பாய் சாந்தாகுரூஸுக்குப் போக வேண்டிய ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானம் ஜுஹுவில் இறங்கி ஓடுபாதையைத் தாண்டி ஓடியது. 2013இல் அமெரிக்காவின் விச்சிட்டாவில் ராணுவத் தளத்துக்குப் போக வேண்டிய ட்ரீம்லிஃப்டர், வயிறு பெருத்த பிரம்மாண்டச் சரக்கு 747, பக்கத்திலிருந்த ஜபாரா என்கிற குட்டி நிலையத்தில் போய் இறங்கியது. மறுநாள்தான் கிளம்பிப் போனது. இதற்குச் சிரித்தால் நாளைக்கு நமக்கே வரும் என்று ஒரு பயம் இந்தத் தொழிலில் எல்லோருக்கும் உண்டு.

அன்றைக்குக் கேப்டன் அந்த ஜபாரா படத்தை வாங்கி ரெண்டு விரலால் பெரிதாக்கி ரொம்ப நேரம் பார்த்தார்.

“அவ்வளவு சின்ன ரன்வேயில நிறுத்தியிருக்கான்பா. பிரேக் அடிக்கத் தெரிஞ்சவன்.”

“சார், ஏர்போர்ட்டு?”

“அது வேற டிபார்ட்மென்ட்.”