பாத்திரம் அறிந்து ஊற்று

'பாத்திரம் அறிந்து பிச்சையிடு' என்ற பழமொழிக்கு உரை சொன்னவர்கள் எல்லாரும் பாத்திரம் என்றால் தகுதி என்றே பொருள் கொண்டார்கள். கண்ணாடிக் கிளாஸ் என்று ஒருவரும் பொருள் கொள்ளவில்லை. அந்தக் குறையைப் போக்கவே இவ்வாய்வு.

ஆய்வுப்பொருள், மிமோசா. ஷாம்பெயினோடு ஆரஞ்சுச் சாறு கலந்தது. காலைச் சாப்பாடும் மதியச் சாப்பாடும் ஒன்றாகிவிடும் 'பிரஞ்ச்' (brunch) வேளைக்குரிய பானம். அந்தச் சொல்லை 1895-இல் அச்சேற்றியவர் கய் பெரிங்கர் என்ற ஆங்கிலேயர். சனிக்கிழமை இரவு கூத்தடித்தவர்களை ஞாயிறு விடியலில் எழுப்பலாகாது என்ற கருணையே அதற்குக் காரணம்.

இதை எதில் ஊற்றுவது? ஒல்லியாய் உயர்ந்த ஃப்ளூட் என்பது ஒரு கட்சி. வாய் அகன்ற கூப் என்பது மறு கட்சி. கூப் கட்சியார் தங்கள் கிளாஸ் பிரெஞ்சு அரசி மரி அந்துவானெத்தின் மார்பை அச்சாக வைத்து வார்த்தது என்பார்கள். அரசியின் ராம்புயே பால்பண்ணைக்காக செவ்ர் ஆலை மார்பு வடிவில் பீங்கான் கிண்ணங்கள் செய்தது உண்மைதான். ஆனால் அது பாலுக்கு. கதை கைமாறக் கைமாறப் பால் ஷாம்பெயினாகிவிட்டது.

ஃப்ளூட் கட்சிக்கு அறிவியல் துணை உண்டு. ரான்ஸ் பல்கலைக்கழக இயற்பியலாளர் ஜெரார் லிஜே-பெலேரின் குழு 2012-இல் இரண்டு கிளாஸ்களுக்கும் மேலே கரியமில வாயுவை அளந்தது. ஃப்ளூட்டின் குறுகிய வாய்க்கு மேல்தான் வாயு அடர்ந்து நின்றது. மூக்கில் சுருக்கென்று ஏறுவது அதனால்தான்.

அதே ஆய்வாளர் இன்னொன்றும் கண்டார். இரு கட்சிக்கும் அது சங்கடம். மாசுமறுவற்ற கிளாஸில் குமிழ் எழும்புவதே அரிது. உட்சுவரில் ஒட்டிய நுண்ணிய நாருக்குள் சிறைப்பட்ட காற்றுதான் குமிழின் கருப்பை. அந்த நார் காற்றில் மிதந்து வந்திருக்கும், இல்லாவிட்டால் துடைத்த துணியிலிருந்து உதிர்ந்திருக்கும். விலை கொடுத்து வாங்கிய படிகக் கிளாஸுக்குள் வேலை பார்ப்பது அடுப்படித் துணியின் நூல்பிசிறு!

மிமோசாவில் சாறு வேறு சேர்கிறது. சக்கையோடு அவசரமாக ஊற்றினால் குறுகிய ஃப்ளூட்டில் நுரை நொடியில் விளிம்பேறும். பொங்கலோ பொங்கல், மேசைவிரிப்பு நாசம்.

வழக்கைத் தீர்க்க வெனிஸுக்குத்தான் போக வேண்டும். ஜியுசெப்பே சிப்ரியானி 1931-இல் திறந்த ஹாரிஸ் பாரில், மிமோசாவின் பங்காளியான பெல்லினி பிறந்தது. வெள்ளைப் பீச் பழக்கூழும் புரோசெக்கோ என்ற இத்தாலியக் குமிழ் ஒயினும் கலந்தது. பெயர் ஓவியர் ஜொவான்னி பெல்லினியிடம் இரவல். பிறந்த வீட்டில் அதைத் தருவது ஃப்ளூட்டிலும் இல்லை, கூப்பிலும் இல்லை. தண்டில்லாத, குட்டையான, சாதாரண நேர்க் கிளாஸில்.

அதையும் யாரோ ஒருவர் துணியால் துடைத்துத்தான் வைத்திருப்பார்.