பாடும் பாத்திரங்கள்

1984-ல் எனக்குப் பதினோரு வயது. கும்பகோணத்தில் நான்கு குடித்தன வீடு, கொல்லையில் பொதுக் கிணறு. அதன் இரும்பு ராட்டினம் ஒவ்வொரு வாளிக்கும் பன்றிக்குட்டியை மிதித்த மாதிரி கத்தும். உலகத்தை அழகாக்கும் பொறுப்பு அப்போது என்னிடம்தான் இருந்தது. பழைய கணக்கு நோட்டின் பின்பக்கங்களில் திட்டங்களை எழுதி வைத்திருந்தேன். தம்புரா சுருதியில் சுற்றும் ராட்டினம். தேய்க்கத் தேய்க்க மல்லிகை மணக்கும் துவைக்கிற கல். உட்காரும் இடத்தில் மெத்தை வைத்த அரிவாள்மணை. எல்லாவற்றுக்கும் மேலாக, கல்யாணி ராகத்தில் கூப்பிடும் பால் குக்கர்.

பால் குக்கர் என்றால் இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது. இரட்டைச் சுவர் வைத்த பாத்திரம் அது. சுவர்களுக்கு நடுவே தண்ணீர் ஊற்றி, ஊற்றிய துளையில் விசிலை மாட்டி, பாலை உள்ளே விட்டு அடுப்பில் ஏற்றுவார்கள். தண்ணீர் கொதித்ததும் ஆவி விசிலை ஊதும். தண்ணீரின் சூட்டைத் தாண்டிப் பால் சூடேற வழியில்லை, அதனால் பொங்கி வழியாது. நல்ல யோசனைதான். ஆனால் அந்த விசில்! லைசென்ஸ் இல்லாமல் மாட்டிக்கொண்டவனைப் பார்த்துப் போலீஸ்காரர் ஊதுவது போல, யாராவது ஓடிவந்து இறக்கும் வரை விடாது.

அப்பா நோட்டைப் பொறுமையாகப் படித்தார். "யாருடா வாங்குவாங்க இதையெல்லாம்?" என்று கேட்டுவிட்டு வெற்றிலைப் பெட்டியை எடுத்துக்கொண்டார். அம்மாவின் ஆட்சேபணை வேறு மாதிரி. ஒருநாள் ராட்டினத்துக்கு விளக்கெண்ணெய் விட்டு அதன் வாயை அடைத்தேன். பாராட்டை எதிர்பார்த்து நின்றவனுக்குக் கிடைத்தது முதுகில் ஒன்று. "எந்த மாமி நம்ம முறையில தண்ணி இறைக்கிறான்னு இனிமே எப்படிடா தெரியும்?" கிணற்றடியில் அம்மா வைத்திருந்த காவல்காரனை நான் ஊமையாக்கிவிட்டேன்.

என் யோசனை அப்படியொன்றும் பைத்தியக்காரத்தனம் இல்லை என்பது பல வருஷம் கழித்துத்தான் தெரிந்தது. நான் நோட்டு எழுதியதற்கு முந்தின வருஷமே, 1983-ல், இத்தாலியின் அலெஸ்ஸி நிறுவனத்துக்காக ரிச்சர்ட் சாப்பர் ஒரு கெட்டில் செய்திருந்தார். ரைன் நதியில் போகும் நீராவிப் படகுகளின் சங்கொலி அவர் மனதில் இருந்ததாம். பித்தளைக் குழல்கள் வைத்த விசில். தண்ணீர் கொதித்தால் மி, சி என்று மேல்நாட்டுக் கணக்கில் இரண்டு சுரம் ஒலிக்கும். மி-யை ஸட்ஜமாக வைத்தால் சி பஞ்சமம். கல்யாணிக்கு இன்னும் ஐந்து சுரம்தான் பாக்கி! அதோடு விட்டார்களா? 1985-ல் மைக்கேல் கிரேவ்ஸ் என்ற அமெரிக்கக் கட்டடக் கலைஞர் அதே நிறுவனத்துக்கு வடிவமைத்த கெட்டிலின் மூக்கில் ஒரு சின்னச் சிவப்புக் குருவி உட்கார்ந்து விசிலடித்தது. யார் வாங்குவார்கள் என்ற அப்பாவின் கேள்விக்குப் பதில்: உலகமே வாங்கியது.

இப்போது சென்னையில், இரண்டாவது மாடியில் இருக்கிறேன். என் நோட்டு பலித்துவிட்டது. பலித்தது என்றால் அப்படியொரு பலிப்பு.

துணி துவைத்து முடித்ததும் எங்கள் மெஷின் ஷூபர்ட் 1817-ல் இசையமைத்த 'டிரவுட் மீன்' பாட்டை இசைக்கிறது. தூண்டில்காரன் ஓடைத் தண்ணீரைக் கலக்கிவிட்டு மீனை ஏமாற்றிப் பிடிப்பதுதான் அந்தப் பாட்டின் விஷயம். அழுக்குத் தண்ணீரையெல்லாம் வெளியே தள்ளிய கையோடு மெஷின் அதைப் பாடுகிறது. தேர்ந்தெடுத்தவர் குசும்புக்காரராகத்தான் இருக்க வேண்டும். மகள் ஜப்பானிலிருந்து கொண்டுவந்த ரைஸ் குக்கர் வேலையைத் தொடங்கும்போது 'ட்விங்கிள் ட்விங்கிள்' பாடும். ஊருக்கு ஏற்ற சங்கீதம்தான், ஆனால் மின்சாரம் ஒத்துவரவில்லை: அங்கே 100 வோல்ட், இங்கே 230. இரண்டு ஆழாக்கு சோறு பாடிக்கொண்டே வேக, பக்கத்தில் செங்கல் கனத்தில் ஒரு டிரான்ஸ்ஃபார்மர். கீழே பார்க்கிங்கில் கார்கள் பாடிக்கொண்டே பின்னால் வருகின்றன. அழைப்பு மணியில் குயில். வேப்பமரத்து நிஜக் குயிலுக்கு இதுவரை இரண்டு முறை கதவைத் திறந்திருக்கிறேன்.

போன செவ்வாய்க்கிழமை அடுப்பில் பாலை வைத்துவிட்டு நின்றிருந்தேன். மெஷின் பாடியது, போய் நிறுத்தினேன். குயில் கூவியது, கதவைத் திறந்தேன், யாருமில்லை. திரும்பி வருவதற்குள் அரை லிட்டர் பாலும் பர்னரில்.

"இந்த வீட்ல வாயைத் திறக்காதது பால் ஒண்ணுதாங்க," என்றபடி என் மனைவி துணியை எடுத்து வந்தாள்.

பழைய பாத்திரக் கடைகளில் தேடிப் பார்த்துவிட்டேன். பால் குக்கர் ஒன்று கிடைத்தது, விசில் இல்லை. உங்கள் வீட்டுப் பரணில் ஒன்று கிடந்தால் எனக்குத் தெரியப்படுத்துங்கள். ராகமெல்லாம் வேண்டாம். கத்தினால் போதும்.