கான்பெராவில் மருமகள் ஆட்சி

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

சித்தியின் முழங்கால் வலி தேவலையா? இங்கே ஜூலைக் குளிர். கார் கண்ணாடியில் படிந்த உறைபனியைச் சுரண்டிவிட்டுத்தான் தினமும் ஆபீஸ் கிளம்புகிறேன்.

"வீட்டிலேயே சர்வர் வைத்திருக்கிறாயாமே, ஏதாவது வியாபாரமா?" என்று போனில் கேட்டீர்கள். வியாபாரம் இல்லை, ஆட்சி மாற்றம்.

வீட்டில் கம்ப்யூட்டர் ஐந்து. ஒவ்வொன்றிலும் ஆளுக்கொரு கணக்கு, கணக்குக்கு ஒரு பாஸ்வேர்டு. பிரிண்டரை ஹால் கம்ப்யூட்டருக்குத் தெரியும், மாடி லேப்டாப்புக்குத் தெரியாது. பேத்தியின் ஸ்கூல் ப்ராஜெக்ட் எதில் கிடக்கிறது என்று ராத்திரி பத்து மணிக்கு வீடே தேடும். பொறுத்துப் பார்த்த உங்கள் மருமகள், மூலையில் கிடந்த பழைய கம்ப்யூட்டரில் லினக்ஸ் போட்டு, சாம்பா என்ற மென்பொருளை ஏற்றிவிட்டாள். அது இந்த ஊர்ச் சரக்குதான். இங்குள்ள ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்தில் மாணவராக இருந்த ஆண்ட்ரூ டிரிட்ஜெல் 1991 கடைசியில் எழுத ஆரம்பித்தது. பெரிய கம்பெனிகள் மைக்ரோசாஃப்டின் ஆக்டிவ் டைரக்டரியை வைத்துச் செய்கிற வேலையை, 2012இல் வந்த 4.0 பதிப்பிலிருந்து இதுவும் செய்கிறது. காசு கிடையாது.

வி.ஏ.ஓ.வாக இருந்த உங்களுக்கு விளக்கவா வேண்டும்! ஊருக்கு ஒரே 'அ' பதிவேடு இருப்பதுபோல வீட்டுக் கம்ப்யூட்டர்கள் எல்லாவற்றுக்கும் இது ஒரே பதிவேடு. யாருக்கு எதுவரை உரிமை என்பதெல்லாம் அதில். ஒரு வரியைத் திருத்தினால் போதும், வரப்பு வரப்பாக நடக்க வேண்டாம்.

இப்போது பேத்தி பாஸ்வேர்டை மறந்தால் ஒரே இடத்தில் மாற்றினால் ஐந்திலும் மாறிவிடும். அவள் கோப்புகள் சர்வரில் இருப்பதால் எந்த மெஷினில் உட்கார்ந்தாலும் ப்ராஜெக்ட் கண்ணெதிரே. காலையில் ஒருமுறை பாஸ்வேர்டு போட்டால் பத்து மணி நேரத்துக்குச் செல்லுகிற சீட்டு ஒன்று கிடைக்கும். அப்புறம் பிரிண்டரோ பொதுக் கோப்புறையோ 'நீ யார்' என்று கேட்காது. சீட்டு கொடுப்பவருக்குக் கெர்பரோஸ் என்று பெயர், கிரேக்கக் கதையில் வரும் மூன்று தலை நாய். கடிகாரம் ஐந்து நிமிடத்துக்கு மேல் பிசகினால் அந்த நாய் உள்ளே விடாது. நம் ஊர்க் கல்யாணங்களுக்கு அதை அழைக்க முடியாது.

பேரன் விஷயம் தனி. இரவு ஒன்பதுக்கு மேல் அவன் கணக்கு திறக்காது. ஆனால் ஏற்கெனவே உள்ளே இருப்பவனை அது வெளியே தள்ளாது. பயல் இதை ஒரே வாரத்தில் கண்டுபிடித்து, 8.55க்கே நுழைந்துவிடுகிறான். இந்த ஓட்டையை அடைக்க உங்கள் மருமகள் தன் அம்மாவை நியமித்திருக்கிறாள். அத்தைக்கு விசா ஆறு மாதம், அதுவரை கவலையில்லை.

எனக்குச் சாதாரணப் பயனர் அந்தஸ்துதான். எதை நிறுவுவதானாலும் அம்மணியிடம் மனுப் போட வேண்டும். ஒரேயடியாகக் குறை சொல்லவும் முடியவில்லை, அன்றாட வேலைக்கு அவளும் சாதாரணக் கணக்கில்தான் நுழைகிறாள், நிர்வாகிக் கணக்கைத் தனியாக வைத்திருக்கிறாள். வைரஸ் புகுந்தாலும், புகுந்த கணக்குக்கு உள்ள உரிமைக்கு மேல் லேசில் ஆட முடியாது. அந்தப் பழைய பெட்டி படுத்துவிட்டால்? முன்பு நுழைந்தவர்களை விண்டோஸ் நினைவில் வைத்திருக்கும், கம்ப்யூட்டர் திறந்துவிடும். பொதுக் கோப்புகள்தான் கிடைக்காது. அதற்காக வாரம் ஒருமுறை தனி டிஸ்கில் நகல் எடுப்பது என் பொறுப்பு. ஆட்சியில் எனக்குக் கிடைத்த ஒரே இலாகா.

தம்பியும் இப்படி அமைக்கப் போவதாகச் சொன்னீர்கள். புது லேப்டாப் வாங்குமுன் அவனிடம் சொல்லுங்கள்: விண்டோஸ் ஹோம் பதிப்பு வேண்டாம், அது இந்த ஏற்பாட்டில் சேராது. புரோ பதிப்பாகப் பார்த்து வாங்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகன்