சூடான கேள்விகள், ஆறிய பதில்கள்

கே: பிளாஸ்டிக்கைத் தொடாமல் ஒரு நாளாவது வாழ முடியுமா? (அரியலூர் வாசகர்)

ப: முடியும். பல் தேய்க்கக்கூடாது, செருப்பு போடக்கூடாது, செல்போனை எடுக்கக்கூடாது. முதல் இரண்டுக்கும் பல பேர் ரெடி.

கே: ஓட்டலில் கொதிக்கக் கொதிக்க சாம்பாரை பிளாஸ்டிக் கவரில் கட்டித் தருகிறார்களே, கெடுதலா? (மன்னார்குடி வாசகர்)

ப: வாருங்கள், உங்களைத்தான் தேடிக்கொண்டிருந்தேன்! பார்சல் மாஸ்டர் கவரை உதறி, ஒட்டிக்கொண்டால் வாயால் 'ஃபூ' என்று ஊதித் திறந்து, ஒரு கரண்டி ஊற்றி, நூலை நாலு சுற்றுச் சுற்றி வெடுக்கென்று அறுப்பாரே, அந்த வித்தைக்குக் கலைமாமணியே கொடுக்கலாம். அந்த 'ஃபூ'வைப் பற்றி இன்னொரு வாரம் பேசுவோம்.

பிளாஸ்டிக்கில் சேர்த்திருக்கும் ரசாயனங்கள் சாப்பாட்டில் இறங்குவதற்குத் தோதானவை நான்கு: சூடு, எண்ணெய், புளிப்பு, நேரம். சாம்பாரில் முதல் மூன்றும் இருக்கின்றன. நாலாவதை டிராஃபிக் பார்த்துக்கொள்ளும். உணவு கட்டும் பிளாஸ்டிக் தாளுக்கும் கேரி பேக்குக்கும் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை. கல்லாப்பெட்டிக்கு மேலே தடை அறிவிப்பு, கீழே கவர் கட்டு!

தூக்குவாளி எடுத்துக்கொண்டு போங்கள். பாத்திரம் பாதிதான் நிறைகிறதே என்ற கூச்சத்தில் அரைக் கரண்டி கூடவே விழும். அனுபவசாலி சொல்கிறேன்.

கே: நான் உஷார். பேப்பர் கப்பில்தான் டீ குடிப்பேன். சரிதானே? (தாம்பரம் வாசகர்)

ப: வெறும் பேப்பர் எங்கே சார் டீயைத் தாங்கும்? உள்பக்கம் மெல்லிய பிளாஸ்டிக் பூச்சு இருக்கிறது. கரக்பூர் ஐ.ஐ.டி.யில் பேப்பர் கப்பில் 100 மில்லி வெந்நீரை 15 நிமிடம் வைத்துப் பார்த்தார்கள். சுமார் 25,000 பிளாஸ்டிக் நுண்துகள்கள் இறங்கியிருந்தன. ஒரு டீயை 15 நிமிடம் கையில் வைத்திருப்பவர் எப்படியும் அரசியல் பேசுகிறவர்தான். அவருக்குக் கண்ணாடி கிளாஸே தோது, மேஜையில் தட்டிப் பேசலாம்.

கே: டிபன் பாக்ஸில் 'மைக்ரோவேவ் சேஃப்' என்று போட்டிருக்கிறதே? (ஓசூர் வாசகி)

ப: பாக்ஸ் உருகாது என்று அர்த்தம். உங்களைப் பற்றி அதில் ஒன்றும் எழுதவில்லை.

கே: 'பி.பி.ஏ. ஃப்ரீ' பாட்டிலை நம்பி வாங்கலாமா? (காரைக்குடி வாசகர்)

ப: பி.பி.ஏ. என்ற ரசாயனத்தின் ஜாதகத்தைக் கேளுங்கள். 1891ல் ரஷ்யாவில் பிறப்பு. 1930களில் லண்டனில் எட்வர்ட் சார்ல்ஸ் டாட்ஸ் என்ற விஞ்ஞானி இதைப் பெண் ஹார்மோனுக்கு மாற்றாகச் சோதித்தார். வேலை செய்தது. ஆனால் அதைவிட வீரியமான இன்னொரு சரக்கு கிடைத்துவிட்டதால் இதை ஓரங்கட்டிவிட்டார்கள். ஹார்மோன் உத்தியோகம் கிடைக்காத ஆசாமி, 1950களில் பாலிகார்பனேட் என்ற கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக்கில் போய் வேலைக்குச் சேர்ந்துகொண்டார். உடம்புக்குள் போனதும் பழைய தொழில் ஞாபகத்துக்கு வந்துவிடுகிறது. அதுதான் தகராறு!

தினசரி இவ்வளவு போகலாம் என்றிருந்த அளவை ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2023ல் 20,000 மடங்கு குறைத்தது. 'இது ரொம்ப ஓவர்' என்று ஜெர்மனியின் அரசு நிறுவனமே மல்லுக்கு நின்றது. இருந்தும், உணவு படும் பொருள்களில் பி.பி.ஏ.வை ஐரோப்பிய யூனியன் 2024 கடைசியில் தடை செய்துவிட்டது. சில இடங்களில் அந்த நாற்காலிக்கு பி.பி.எஸ். என்ற தம்பி வந்திருக்கிறார். ஆய்வுக்கூடத்தில் தம்பிக்கும் அண்ணன் குணம்தான். லேபிளில் அண்ணன் இல்லை என்றுதான் எழுதுவார்கள், தம்பியைப் பற்றி மூச்சுவிட மாட்டார்கள்.

கே: ஏ.டி.எம். ரசீதிலும் பி.பி.ஏ. உண்டாமே? (விருதுநகர் வாசகர்)

ப: அந்த வழவழ பேப்பரில் இருக்கலாம். அதில் அச்சாகும் பாக்கித் தொகைதான் எனக்கு உடனே நெஞ்சை அடைக்கிறது.

கே: பிளாஸ்டிக் அரிசி வருவதாக வாட்ஸ்அப்பில்... (சேலம் வாசகர்)

ப: அரிசியைவிட பிளாஸ்டிக் விலை அதிகம். நஷ்டப்பட்டுக் கலப்படம் செய்யும் வியாபாரி இன்னும் பிறக்கவில்லை. நீங்கள் பார்த்தது ரேஷன் அரிசியில் கலந்த, சத்து சேர்த்துச் செறிவூட்டிய அரிசியாக இருக்கும். பொங்கிச் சாப்பிடுங்கள்.

கே: எனக்குத் தாய்ப்பால் போதவில்லை. மூன்று மாதக் குழந்தைக்கு பிளாஸ்டிக் பாட்டிலில் பவுடர் பால் தருகிறேன். செய்திகளைப் படித்தால் தூக்கம் வரவில்லை. (பெயர் வேண்டாம், நாமக்கல்)

ப: முதலில் தூங்குங்கள் அம்மா. உங்கள் மேல் ஒரு தப்பும் இல்லை.

டப்ளின் டிரினிட்டி கல்லூரி ஆய்வாளர்கள் 2020ல் பாலிபுரொப்பிலின் பால் பாட்டில்களைச் சோதித்தார்கள். லிட்டருக்கு ஒரு கோடியே அறுபது லட்சம் வரை பிளாஸ்டிக் துகள்கள் இருந்தன. பயமுறுத்தும் எண்தான். ஆனால் தண்ணீரின் சூடு குறைந்தபோது எண்ணிக்கையும் மளமளவென்று இறங்கியது. இதனால் குழந்தைக்கு இன்ன கெடுதல் என்று இன்னும் யாரும் நிரூபிக்கவில்லை.

நீங்கள் செய்ய வேண்டியது சுலபம். கிருமி சாக சூடான தண்ணீர் அவசியம், அதைக் குறைக்காதீர்கள். எவர்சில்வர் அல்லது கண்ணாடிப் பாத்திரத்தில் பாலைக் கலக்கி, ஆறிய பிறகு பாட்டிலில் ஊற்றுங்கள். கொதிக்க வைத்த பாட்டிலை, காய்ச்சி ஆற வைத்த தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசுங்கள். பாட்டிலோடு குலுக்க வேண்டாம். உங்கள் அம்மாவிடம் பால் புகட்டும் பாலாடை இருந்தால் இன்னும் நல்லது, நன்றாக வெந்நீரில் கொதிக்கவிட்டுப் பயன்படுத்துங்கள். பால் ஊறுவது பற்றி டாக்டரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

இன்னொன்று. பி.பி.ஏ. போன்றவை உடம்பில் குடியிருப்பதில்லை, பெரும்பகுதி ஒரே நாளில் சிறுநீரில் போய்விடும். இன்றிலிருந்து மாற்றினாலே போதும், நேற்றை நினைத்து அழ வேண்டாம்.

கே: எப்போது பார்த்தாலும் எவர்சில்வர் புராணம். கமிஷன் வருகிறதோ? (கும்பகோணம் வாசகர்)

ப: வந்தால் வாங்கிக்கொள்வேன். பாகப்பிரிவினையில் அண்ணன் தம்பி சட்டையைப் பிடித்துக்கொள்ளும்படி ஒரு பிளாஸ்டிக் டப்பாவை எங்கேயாவது காட்டுங்கள், புராணத்தை நிறுத்திவிடுகிறேன்!