மேட்சிங் சென்டர் மகாத்மியம்

சேலையின் முந்தானை நுனி பையிலிருந்து லேசாக எட்டிப் பார்த்தால் போதும். மேட்சிங் சென்டர் அண்ணாச்சி திரும்பிக்கூடப் பார்க்காமல் அடுக்கிலிருந்து ஒரு டூ பை டூ ரவிக்கைத் துணியை உருவிப் போடுவார். "அச்சு அசல் அதே கலர்க்கா!" அவரே சொன்ன பிறகு பொருந்தாமல் இருக்கத் துணிக்கு ஏது துணிச்சல்?

திருப்பூர் ஏற்றுமதிக்காரர்கள் பாவம். நிறம் சேர்கிறதா என்று பார்க்க, லைட் பாக்ஸுக்குள் துணியை வைத்து, பகல் வெளிச்சத்துக்கு டி65, கடை வெளிச்சத்துக்கு டிஎல்84 என்று விளக்கை மாற்றி மாற்றிப் போடுகிறார்கள். வெவ்வேறு சாயங்கள் ஒரு விளக்கில் ஒட்டி உறவாடும், இன்னொன்றில் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் என்ற பயம் அவர்களுக்கு. அண்ணாச்சிக்கு அந்தக் கவலையே கிடையாது. வெயில் எட்டாத மூலையில் மேசை, தலைக்கு மேல் ட்யூப் லைட். அங்கே சேர்த்துவைத்த ஜோடி அங்கே இருக்கும் வரை பிரிவதே இல்லை. முகூர்த்தத்தன்று மண்டபத்து வாசலில் அரக்குச் சேலையும் கத்தரிப்பூ ரவிக்கையுமாக நாம் நின்றால் அது சூரியன் செய்த பிழை.

பெயர் சூட்டுவதிலோ அவர் கர்ணன். காஞ்சிபுரம் முத்து செட்டியார் எம்.எஸ்.சுப்புலட்சுமிக்கென்று ஒரு நீலத்தை உருவாக்கினார்; எம்.எஸ். ப்ளூ என்று பெயர் நிலைத்தது. அவ்வளவு நல்ல பெயரை ஒரே நிறத்துக்குக் கொடுப்பது என்ன கஞ்சத்தனம்! அண்ணாச்சி கடையில் மயில்கழுத்துக்கும் ராயல் ப்ளூவுக்கும் நடுவே எது விற்காமல் கிடந்தாலும் எம்.எஸ். ப்ளூதான். மாம்பழ மஞ்சள் கேட்டு, அடுக்கில் கடுகு மஞ்சள் மட்டும் இருந்தால், "இது நல்லாப் பழுத்த மாம்பழம்க்கா" என்பார். வெங்காயத்தோல் நிறம் கேட்டாலோ ரோஸிலிருந்து காவி வரை விரித்துப் போட்டு, எந்த ஊர் வெங்காயம் என்று நம்மையே கேட்பார்.

அவருடைய முழுத்திறமையும் வெளிப்படுவது டபுள் ஷேடு பட்டில். பாவு பச்சை, ஊடை சிவப்பு. புடவை அசைந்தால் நிறமும் மாறும். அண்ணாச்சி புடவையை ஒரு பக்கமாகச் சாய்த்து, நம்மை ஓரடி தள்ளி நிற்கச் சொல்வார். பொருந்திவிடும்! விசேஷத்துக்கு வருகிறவர்களும் அதே ஓரடி தள்ளி நின்று பார்க்க வேண்டும்; அந்த நாகரிகம் நம் சொந்தக்காரர்களுக்கு இல்லை.

பட்டின் மினுமினுப்பு காட்டனுக்கு வராதே என்று இழுத்தால், "தைச்சுப் போட்டா வந்துடும்" என்பார். தையற்காரருக்கே தெரியாத ரகசியம் அது. "வெட்டிய துணி வாபஸ் இல்லை" என்ற பலகையைச் சிலர் தப்பாக எடுத்துக்கொள்கிறார்கள். தன் கண்மீது ஒருவருக்கு இத்தனை நம்பிக்கை இருந்தால் திருப்பி வாங்க அவசியம் ஏது?

ஆகவே சகோதரிகளே, அவர் கத்திரிக்கோலை எடுக்கும்போது, "ஒரு நிமிஷம், வெயில்ல பார்த்துட்டு வந்துடறேன்" என்று துணியோடு வாசலுக்கு ஓடி அந்த மேதையைப் புண்படுத்தாதீர்கள்.